பத்து வீச்சுக்கு ஏழு

வியாழக்கிழமை, மதியம்

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், என் மனைவி நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அதன் காரணம் கீழே வருகிறது. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், தாங்கள் புதிதாகப் பச்சை அடித்திருப்பதாகக் கேள்விப்பட்ட தபால் பெட்டியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஏரிக்கு அந்தக் கரையில் இருப்பவருக்கு இந்தக் கரையில் இருப்பவன் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறானே, ஃபோன் என்ன ஆயிற்று என்று தாங்கள் நினைக்கலாம். ஃபோனில் என்றால் மூன்றாவது வார்த்தையிலேயே தாங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். இது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முழுவதும் படித்துவிட்டு, அப்புறம் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நம் பிள்ளைகள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் தாங்கள் சொன்னது தங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. "நான் தீயணைப்புல முப்பது வருஷம் ஓடிப்போய் ஆளைத் தூக்கிட்டு வந்தவன். இப்ப ஏரியில உட்கார்ந்தாலும் பத்து வீச்சுக்கு ஏழு மீன். பிடிச்சதைத் திரும்பி விடுற பழக்கம் நம்மகிட்ட கிடையாது, நேரா சட்டிதான். நம்ம சம்பந்தியைப் பாருங்க, முப்பத்துநாலு வருஷம் போல்ட்டு கம்பெனியில அடுத்தவன் செஞ்சதை இது சரி, அது சரியில்லைன்னு தள்ளினதோட சரி. தன் கையால ஒண்ணு பிடிச்சிருப்பாரா மனுஷன்?" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மகளும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அதுதான் சம்பந்தி, வீடு வந்து சேர்ந்த பிறகும் இறங்கவில்லை. தாங்கள் சொன்னதில் பொய் இருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருப்பேன். பொய்யே இல்லை. லட்சக்கணக்கான போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவன், ஒரு போல்ட்டுகூடச் செய்தவன் இல்லை. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று அன்றைக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மறுநாளே தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர், ஆனால் அளவு பற்றிய அறிவு கிடையாது. "மீன் பிடிபடும் விகிதம் சராசரியாக எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டால், "அது மீனைப் பொறுத்தது சார்" என்கிறார். சராசரி தெரியாமல் ஒரு மனிதர் எப்படிக் கடை வைத்திருக்கிறார் என்று மலைத்துப்போனேன். அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை, தூண்டில் முள் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்க்கொக்கியை அரத்தால் தேய்த்துவிடச் சொன்னது. அப்போதுதான் மீனின் வாய் கிழியாமல் முள் வழுக்கி வருமாம். ஏரிக்கரைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்களுக்குத் தெரியும்: முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும், முப்பதும் அதற்கு மேலும் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஆகவே முள்ளைத் தேய்த்தேன், கம்பெனியில் எனக்குப் பிரிவுபசாரமாகக் கொடுத்த அளவுகோலை ஒரு பலகையில் பதித்தேன், நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். செவ்வாயும் வெள்ளியும் ஏரி, காலை ஆறே முக்கால் மணி, நாளுக்குப் பத்து வீச்சு, ஒன்று கூடவும் கூடாது குறையவும் கூடாது. பிடிபட்ட மீனை வீச்சின் எண்ணிக்கையால் வகுப்பதா, மணிக்கணக்கால் வகுப்பதா, மீன் கடித்த எண்ணிக்கையால் வகுப்பதா என்று மூன்று நாள் தூக்கமில்லை. என் மனைவி அரிந்துகொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "முதல்ல ஒண்ணு பிடிங்க. பூஜ்யத்தை எதால வகுத்தா என்ன?" என்றாள்.

அவள் வாய் முகூர்த்தம், முதல் நான்கு வாரம் எண்பது வீச்சுக்கும் பூஜ்யம். பூஜ்யம் என்றால் ஒன்றுமே மாட்டவில்லை என்று அர்த்தமில்லை. என் தொப்பி இரண்டு முறை, துணைக்கு வந்து உட்காரும் என் மனைவியின் குடை ஒரு முறை, பாத்திர மூடி ஒன்று, யாரோ விட்டுப்போன இடது கால் செருப்பு ஒன்று, எட்டாவது நாள் அதே அளவில் வலது கால் செருப்பு. இவற்றையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று யோசித்து 'மற்றவை' என்று தனியாக ஒரு கட்டம் போட்டேன், அந்தக் கட்டத்தில் மட்டும் முன்னேற்றம் நன்றாகவே இருந்தது. முழங்கால் போனதும் அப்போதுதான். பாசி பிடித்த படியில் கால் வைத்தேன், நோட்டை நனைக்கக் கூடாதே என்று கையை மேலே தூக்கிக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் மூன்று படி இறங்கினேன். நோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பு ஏணிக்கு இடதுபுறம் மூன்றாவது படியில் போய் நின்றேன். அதுதான் பிற்பாடு என் இடமாயிற்று.

கம்பெனியில் ஒரு இயந்திரம் கெட்ட சரக்கு தந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படியே செய்தேன். ஒரு நாள் மண்புழு, ஒரு நாள் கோதுமை மாவு உருண்டை. ஒரு நாள் தக்கையை ஏற்றினேன், ஒரு நாள் இறக்கினேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆழம் பார்த்தேன், குளியலறை வெப்பமானியை அதோடு சேர்த்துக் கட்டி ஒவ்வொரு முழத்துக்கும் குறித்தேன். அங்கேதான் சம்பந்தி, எனக்கு ஏதோ ஆகிவிட்டது. மேலே மூன்று முழம் வெதுவெதுப்பு. நான்காவது முழத்தில் சட்டென்று குளிர், இரண்டுக்கும் நடுவில் சுவர் வைத்தது போல. நம் கண்ணுக்கு ஒரே தண்ணீராகத் தெரிவது உள்ளே மாடி வைத்துக் கட்டிய வீடு. தங்கள் கரையிலிருந்து காற்று அடித்தால் மேல்மாடி முழுக்க மெல்ல நகர்ந்து எங்கள் பக்கம் வந்துவிடுகிறது, காற்று நின்றால் திரும்பப் போகிறது. இத்தனை பெரிய காரியம் சத்தமே இல்லாமல் தினமும் நடக்கிறது, மேற்பார்வை பார்க்க ஒரு ஆள் கிடையாது, தப்பே வருவதில்லை. அன்றைக்கு அரை மணி நேரம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, நான்கு முழ ஆழம், மாவு உருண்டை, ஆறாவது வீச்சு. தக்கை ஒரு தரம் தலையாட்டிவிட்டு உள்ளே போயிற்று. மேலே வந்தது ஒரு கெண்டை. இருபத்தெட்டு சென்டிமீட்டர். நான் ஒன்று சொன்னால் தாங்கள் நம்ப வேண்டும், வந்த சந்தோஷத்தில் அளவு பார்க்கவே மறந்திருப்பேன், என் மனைவிதான் "பலகை, பலகை" என்றாள். செதில்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்த வரிசையைப் பார்த்தேன். முப்பத்துநாலு வருஷம் கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு குறை தேடினவன் நான், அதில் தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு வேலைப்பாட்டை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அளந்து, எழுதி, பலகை சொன்னபடி அதே இடத்தில் தண்ணீரில் விட்டேன். அப்புறம் விகிதம் ஏறியது பாருங்கள். பத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. கடைசி ஆறு நாளும் பிசகாமல் பத்துக்கு ஏழு. மொத்தம் எழுபத்தேழு மீன். அதைவிட ஆச்சரியம், இந்த ஏரி மீன்களின் ஒழுக்கம். ஒரே நாளில் பிடிபட்டவை அத்தனையும் ஒரே நீளம். முதல் வாரம் எல்லாம் இருபத்தெட்டு. இரண்டு வாரம் கழித்து எல்லாம் இருபத்தெட்டரை. ஏரி முழுக்க எல்லா மீனும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக வளர்கின்றன. எங்கள் கம்பெனியின் மிக விலை உயர்ந்த இயந்திரம்கூட இப்படி ஒரே மாதிரியாகச் சரக்கு தந்ததில்லை. படைத்தவனுக்குக் கும்பிடு போட்டேன்.

அந்த மயக்கத்தில்தான் முந்தாநாள் செவ்வாய்க்கிழமை தங்களுக்கு ஃபோன் செய்தேன். என்னென்ன உளறினேன் என்று தங்களுக்கே தெரியும். இடம், நேரம், நான்கு முழம், மாவில் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். நான்கு முழமா என்று தாங்கள் இரண்டு தடவை கேட்டுக்கொண்டீர்கள். அப்புறம், "இங்க ரெண்டு மாசமா ஏரியே சரியில்ல சம்பந்தி. எனக்கே பத்துக்கு மூணுதான் விழுது. ஞாயித்துக்கிழமை அங்கேயே வர்றேன், உங்க படியில உட்கார்றேன். சம்பந்தியம்மாவைச் சட்டியைக் கழுவி வைக்கச் சொல்லுங்க" என்றீர்கள். ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். தங்கள் வாயால் பத்துக்கு மூன்று, என் கணக்கில் பத்துக்கு ஏழு. ஞாயிற்றுக்கிழமை மகளையும் வரச் சொல்லலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

அன்று மாலை, தங்களுக்குக் காட்டுவதற்காக நோட்டைச் சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். நீளங்களை வரிசையாக எழுத எழுத, எழுதின கை மெதுவாயிற்று. என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே உயரமா இருக்கே" என்றாள். "அதுதான் இந்த ஏரியின் விசேஷம்" என்றேன். "விசேஷம் என்ன விசேஷம், ஒரே ஆளு திரும்பத் திரும்ப வந்து நின்னா உயரம் எப்படிங்க மாறும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சம்பந்தி, என் மேஜைக்கு மேலே முப்பத்துநாலு வருஷம் ஒரு பலகை தொங்கியது. 'பார்த்த சரக்கைப் பார்க்காத சரக்கோடு கலக்காதே.' எழுதி மாட்டியவனே நான்தான். பார்த்த போல்ட்டைத் திரும்பப் பழைய தொட்டியிலேயே போட்டதற்காக மூன்று பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன், ஒருவர் அழுதேவிட்டார். அந்த நான், எழுபத்தேழு முறை, அளந்த மீனை அதே படியில், அதே தண்ணீரில் விட்டிருக்கிறேன். நேற்று புதன்கிழமை, என் நாளே இல்லை, போனேன். என் மனைவி மகள் கல்யாணத்துக்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த சிவப்பு நகப்பூச்சு சட்டைப்பையில். முதல் வீச்சில் மீன் வந்தது. பலகையில் கிடத்தி, இடப்பக்கத் துடுப்பைத் துணியால் ஒற்றி, ஒரு பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்து விட்டேன். அடுத்த வீச்சு, தக்கை உள்ளே போயிற்று. மேலே வந்தது சிவப்புப் பொட்டு. மூன்றாவது முறையும் சிவப்புப் பொட்டு. நேற்று மட்டும் ஏழு தடவை. ஆக மொத்தம் எண்பத்து நான்கு முறை பிடித்திருக்கிறேன், பிடித்தது ஒரு மீன்.

கோபம் வரவில்லை. நம்புங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசித் தடவை அதைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அது ஓடவில்லை. என்னைப் பார்த்தது. மாவு உருண்டை எத்தனை மணிக்கு வரும், எந்தப் படியில் வரும், தேய்த்த முள் வலிக்காது, இந்தக் கிழவன் பலகையில் கிடத்துவான், ஏதோ எழுதுவான், விட்டுவிடுவான் என்று அதற்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் என் விகிதத்தை எழுபது சதவீதத்துக்குக் கொண்டுவர மூன்று மாதம் தலையால் தண்ணீர் குடித்தேன். அது எண்பத்து நான்கு உருண்டைக்கு எண்பத்து நான்கும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறது. நூற்றுக்கு நூறு. சோதனை செய்தது யார், சோதிக்கப்பட்டது யார் என்று எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அதன் நீளம் முப்பது சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். இரண்டு தடவை அளந்தேன், மூன்றாவது தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தேன். கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தொன்பது முக்கால் என்று எழுதியிருக்கலாம், கை வரவில்லை. என் மாவைத் தின்றுதான் அது அந்த அளவுக்கு வளர்ந்தது. சட்டப்படி இனி யார் வேண்டுமானாலும் சட்டியில் போடலாம். அந்த யார் என்பவர் பிடித்ததை விடும் பழக்கம் இல்லாதவர், ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் வந்து உட்காரப்போகிறார், நேரமும் ஆழமும் மாவும் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது அவரையும் நம்பித்தான் வரும். ஆளை வளர்த்து ஆபத்தில் மாட்டிவிட்ட கதையாகிவிட்டது. நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் தங்களிடம் கேட்டுக்கொள்வது. நான் சொன்ன பத்துக்கு ஏழு பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படியில் மீனே கிடையாது. அடுத்த விருந்தில், எத்தனை பேர் இருந்தாலும், "நம்ம சம்பந்தி மூணு மாசம் உட்கார்ந்து ஒண்ணுகூடப் பிடிக்கலை" என்று தாங்கள் சொல்லலாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்று தலையாட்டுகிறேன். என் மகள் எதிரில் சொன்னாலும் சரி. அந்தப் பேச்சைத் துடைக்கத்தான் இத்தனை பாடுபட்டேன், இப்போது அது இருந்துவிட்டுப் போகட்டும். தூண்டிலையும் அளவுகோல் பலகையையும்கூடத் தங்களுக்கே கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தயவுசெய்து வர வேண்டாம். உடம்பு சரியில்லை என்று நான் சொன்னால் தாங்கள் பழத்தோடு வந்து நிற்பீர்கள் என்பதால்தான் உண்மையையே எழுதிவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். சனிக்கிழமைதோறும் சந்தையில் மீன் வாங்க வரும்போது வீட்டுக்கு வராமலே போகிறார்களே என்று என் மனைவிக்குக் குறை. பிடித்துக் குவிக்கும் வீட்டில் விலைக்கும் வாங்குகிறார்கள் என்றால் எத்தனை விருந்தாளிகள் வருவார்களோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசி. தங்கள் தோட்டமும் முழங்கால்களும் நீடூழி நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
மருமகளின் அப்பா

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை காலை): உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன், கசங்கலுக்கு மன்னிக்கவும். தபாலில் போடப் போகும் வழியில் ஒரே ஒரு வீச்சு, விடைபெறுவதற்காக. வந்தது. இன்னொரு கையில் தபாலுறை இருந்ததால் பலகையில் தலைமாற்றிக் கிடத்திவிட்டேன். எண்பத்து நான்கு முறையும் தலையை இடப்பக்கம் வைத்து ஒரே பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேறொருவர் இப்படிச் செய்திருந்தால் மெமோ. வலப்பக்கத் துடுப்பில் ஒரு பச்சைப் பொட்டு. முப்பது வருஷம் சிவப்பு வண்டியைப் பார்த்துச் சலித்துப்போன ஒருவர் தன் வீட்டு கேட்டுக்கும், நாய் வீட்டுக்கும், குடைக் கைப்பிடிக்கும், தபால் பெட்டிக்கும் அடிக்கும் அதே பச்சை. நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். அடியில் உதிர்ந்துபோன பழைய பூச்சு, அதற்கும் அடியில் இன்னொன்று, மேலே நேற்று வைத்ததுபோல் புத்தம் புதிது. அப்படியானால் தாங்கள் என் சிவப்புப் பொட்டைப் பார்த்திருக்கிறீர்கள். முப்பது சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்; கையிலும் இருந்தது, சட்டியும் இருந்தது. விட்டிருக்கிறீர்கள், சம்பந்தி. சந்தை மீன் யார் சட்டியில் வேகிறது என்பதும் புரிந்துபோயிற்று, என் மனைவியிடம் நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் கிடக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். சட்டி வேண்டாம், பச்சை டப்பாவைக் கொண்டுவாருங்கள், புதுப் பூச்சில் ஒரு ஓரத்தை நான் சுரண்டிவிட்டேன். இன்னொன்று. பத்தில் அந்த மூன்று ஏன் எனக்குக் கிடைக்கவில்லை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு மாதமாக ஏரியே சரியில்லை என்று தாங்கள் சொன்னீர்கள். ஏரிக்கு ஒன்றுமில்லை. அது என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.